கான்வெண்ட்டுக்கு ஒரு குரல், பள்ளிக்கூடத்துக்கு ஒரு குரல்

எங்கள் ஊரில் பிள்ளைகள் படிக்கிற இடத்துக்கு ஏழெட்டுப் பெயர் உண்டு. ஒவ்வொரு பெயரையும் எவ்வளவு சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பதற்கும் ஒரு முறை உண்டு. கமுதிக்கும் பரமக்குடிக்கும் நடுவே, மிளகாயும் பருத்தியும் விளைகிற ஊர் எங்களுடையது. அங்கே பிறந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பால்வாடி என்பதைச் சாதாரணக் குரலில் சொல்லலாம். பெயர்ப்பலகையில் அங்கன்வாடி என்று எழுதியிருக்கும். அதை யாரும் சட்டை செய்வதில்லை. ஊருக்குள் இருக்கும் அரசாங்கத்துப் பள்ளி, பள்ளிக்கூடம். மஞ்சள் வேன் வாசலில் வந்து ஹாரன் அடித்துப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போனால் அது ஸ்கூல். பிள்ளையின் கழுத்தில் டை தொங்கினால் அது கான்வெண்ட். கன்னியாஸ்திரிகளுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நான் வேலை பார்க்கிற கான்வெண்ட்டின் தாளாளர் அரிசி ஆலை வைத்திருப்பவர். நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய வெற்றிலை. பிள்ளையை டுடோரியலில் சேர்த்தவர்களுக்கு மட்டும் குரலே எழும்பாது. கையை ஒரு பக்கமாக வீசி, "அங்கன, டவுன்ல" என்று முடித்துக்கொள்வார்கள்.

சொல்லிக்கொடுப்பவர்களுக்கும் இப்படித்தான். பள்ளிக்கூடத்தில் இருப்பவர் டீச்சர். கான்வெண்ட்டில் இருப்பவர் மிஸ். இது மாறவே மாறாது. பேரன் பேத்தி எடுத்த பிறகும், முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தாலும், கான்வெண்ட்டில் அவர் மிஸ்தான்.

இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு கோளாறு. பிள்ளையைப் படிக்க வைக்கும்போது கான்வெண்ட் என்பதை நாலு தெருவுக்குக் கேட்கச் சொல்வார்கள். கவர்மெண்ட் ஸ்கூல் என்றால் குரல் இறங்கிவிடும். அதே ஆட்கள் மருமகள் தேடக் கிளம்பினால் எல்லாம் தலைகீழாகிவிடும். "பொண்ணு கவர்மெண்ட் ஸ்கூல் டீச்சர்" என்று சொல்ல மைக்கே வேண்டாம். "கான்வெண்ட்ல மிஸ்ஸா இருக்கு" என்றால், "பாவம், நல்ல புள்ளதான்" என்று காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்கள். பேரப்பிள்ளை படிக்க ஓர் இடம், மருமகள் சம்பளம் வாங்க வேறோர் இடம். யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த இரண்டு குரலுக்கும் நடுவே என் கல்யாணம் மாட்டிக்கொண்டு முழித்தது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

ஐந்தாவது வரை நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தேன். ஆறாவதுக்கு அம்மா என்னைப் பரமக்குடியில் கான்வெண்ட்டில் சேர்த்தாள். அன்றிலிருந்து அந்தச் சொல் அவள் நாக்கிலேயே குடியேறிவிட்டது. குழாயடியில் யாராவது பேச்சுக் கொடுத்தால், "நேரமில்லத்தா, கான்வெண்ட் வேன் வந்துரும்" என்பாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் சும்மா இருப்பாளா? "இன்னைக்குக் கான்வெண்ட்டு லீவு" என்று கேட்காதவர்களுக்கும் அறிவிப்பாள். என்னைப் பெற்ற அய்யாவுக்கோ எல்லாமே பள்ளிக்கூடம். நான் கல்லூரியில் சேர்ந்தபோது, "பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகுது" என்றார். பி.எட். படித்தபோது, "வாத்தியார் பள்ளிக்கூடத்துல இருக்கு" என்றார். அவர் குரல் ஏறியதும் இல்லை, இறங்கியதும் இல்லை.

படிப்பு முடிந்து, நான் படித்த அதே கான்வெண்ட்டுக்கே மிஸ்ஸாகப் போனேன். மூன்றாம் வகுப்பு எனக்கு. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. கான்வெண்ட்டுல படிச்சவ கான்வெண்ட்டுக்கே மிஸ்ஸாகிட்டா என்று தெருவையே மனப்பாடம் செய்யவைத்தாள். அரசாங்க வேலைக்கான டெட் தேர்வும் எழுதித் தேறினேன். வேலைதான் இன்றுவரை வந்தபாடில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது பள்ளியின் தண்ணீர் மோட்டார் மக்கர் செய்தது. பரமக்குடியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்த ஒருவர் பார்க்க வந்தார். மோட்டார் இருந்தது என் வகுப்பை ஒட்டி, ஜன்னலுக்கு வெளியே, தண்ணீர்த் தொட்டியின் மேல் விளிம்பில். எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம். புதிதாக யார் தலை தெரிந்தாலும் மொத்தமாக எழுந்து நின்று ஒரே ராகத்தில் வணக்கம் சொல்வார்கள். அவர் ஸ்பேனரோடு குனிந்து நிமிர்ந்த நேரம் பார்த்து நாற்பது தொண்டையும் ஒன்றாகத் திறந்தது.

"குட்... மாஆஆர்னிங்... சாஆஆர்!"

மனிதர் ஒரு சாண் துள்ளினார். ஸ்பேனர் தொட்டிக்குள் விழுந்தது. அவர் திரும்பிப் பார்த்து, இரண்டு கையையும் கூப்பி, "உக்காருங்க, உக்காருங்க" என்றார். சிட் டவுன் என்று இங்கிலீஷில் சொல்லாமல் எங்கள் பிள்ளைகள் உட்கார மாட்டார்கள். என்ன சொல்லி அவர்களை உட்காரவைப்பது என்று தெரியாமல் அவர் விழித்த விழியில் நான் கவிழ்ந்துபோனேன். வேறு எப்படிச் சொல்வது? அது வரை வந்த ஐந்து வரன்களையும் மூக்கு சரியில்லை, முழி சரியில்லை என்று தட்டிக்கழித்தவள், ஸ்பேனரைத் தொலைத்தவரிடம் போய் விழுந்தேன்.

அடுத்த வாரம் மறுபடி வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். மோட்டார் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது தடவை ஜன்னலருகே நின்று, "மிஸ், உங்க வீட்டுல வந்து கேக்கலாமா?" என்றார். அவ்வளவு பெரிய ஆள் என்னை மிஸ் என்றார். "கேளுங்க" என்று சொல்லிவிட்டு, கரும்பலகைப் பக்கம் திரும்பி, ஏழெட்டு ஐம்பத்து நாலு என்று எழுதினேன். வகுப்பே கத்தித் திருத்தியது.

அம்மாவிடம் அன்றே சொன்னேன். "வந்தா இவருதான். இல்லன்னா கடைசி வரைக்கும் நான் மிஸ்ஸாவே இருந்துட்டுப் போறேன்."

அம்மா வாயெல்லாம் பல்லாகத் தரகரைக் கூப்பிட்டு அனுப்பினாள். அவர் வந்து சொன்ன செய்தியில் அந்தப் பல்லெல்லாம் உள்ளே போயிற்று. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஒரே ஒரு ஆசையாம். வருகிற மருமகள் கவர்மெண்ட் டீச்சராக இருக்க வேண்டுமாம். மகன் பயந்துகொண்டு, "பொண்ணு டீச்சர்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். மீதியை அந்த அம்மாவே நிரப்பிக்கொண்டு, கவர்மெண்ட் டீச்சர் என்று சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிவிட்டாராம்.

  அம்மா தரகரை அனுப்பிவிட்டு, முகம் கழுவி, வீடு வீடாகப் போனாள். காரணம் இருந்தது. எங்கள் பக்கம் பெண் பார்க்க வருவதற்கு முன்னால், மாப்பிள்ளை வீட்டிலிருந்து யாராவது ஒருவர் சம்பந்தமே இல்லாத ஆள் மாதிரி ஊருக்குள் வந்து விசாரிப்பார்கள். விசாரிக்க வந்த ஆள் என்பது ஊருக்கு உடனே தெரிந்துவிடும். ஒரு டீயை ஒரு மணி நேரம் குடிப்பவர் வேறு யாராக இருக்க முடியும்?

"ஸ்கூல் டீச்சர்னு மட்டும் சொல்லுங்க. கான்வெண்ட்டுங்குற பேச்சே வரக் கூடாது" என்பது அம்மாவின் உத்தரவு.

"பன்னெண்டு வருசமா அதத்தான சொல்லச் சொன்ன? இப்ப திடீர்னு மாத்தச் சொன்னா வாய் கேக்குமா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். நியாயமான கேள்வி.

விசாரிக்க வந்தவர் மாப்பிள்ளையின் தாய்மாமன். மிளகாய் வியாபாரி என்று சொல்லிக்கொண்டு பைக்கில் வந்தார். டீக்கடையில், "ஸ்கூல் டீச்சருங்க" என்றார்கள். எந்த ஸ்கூல் என்று கேட்டதற்கு, "அதான், ஸ்கூலு" என்று பதில் வந்தது. குழாயடியில் ஒருத்தி பழக்கதோஷத்தில், "கான்வெண்ட்டு மிஸ்ஸுதான?" என்று ஆரம்பித்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவள் தொடையைக் கிள்ளி, "அடியே, அது வேற புள்ள" என்று மறித்தாள். கண்மாய்க் கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அய்யாவின் கூட்டாளி, அய்யா சொல்வது போலவே, "பள்ளிக்கூடத்துல வேல" என்றார். ரேஷன் கடை வரிசையில் நின்ற ஒருவருக்கு எங்கள் மேல் பாசம் கொஞ்சம் அதிகம். அவர் என்னை ஹைஸ்கூலில் ஹெச்.எம்.மாகவே ஆக்கிவிட்டார்.

தாய்மாமன் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார். இந்த வீட்டில் மூன்று பெண்கள். மூத்தது ஹைஸ்கூல் ஹெச்.எம்., நடுவில் உள்ளது கவர்மெண்ட் பள்ளிக்கூடத்து டீச்சர், கடைக்குட்டி கான்வெண்ட் மிஸ்.

அதை உறுதி செய்துகொள்ள எங்கள் வீட்டுக்கே வந்தார். அய்யா மட்டும்தான் களத்தில் மிளகாய் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். விசாரிப்பு, வேஷம் எதுவும் அவர் காதுக்கு எட்டவில்லை. வியாபாரி என்றதும் நாலு சாக்கைப் பிரித்துக் காட்டினார்.

"ஒங்களுக்கு மூணு பொண்ணாமே?" என்று தாய்மாமன் மெல்லக் கேட்டிருக்கிறார்.

"யாரு சொன்னா? ஒன்னே ஒன்னுதேன்" என்றார் அய்யா.

கண்ணு பட்டுவிடும் என்று பயந்து எங்கள் பக்கம் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்பவர்கள் நிறைய உண்டு. இவரும் அந்த ரகம் என்று தாய்மாமன் நினைத்துக்கொண்டார். ஆனால் அய்யாவின் கையிலிருந்து சும்மா தப்பிக்க முடியவில்லை. ஒரு மூட்டை குண்டு மிளகாயைப் பைக்கில் கட்டிக்கொண்டுதான் ஊர் போய்ச் சேர்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அக்கா, தாய்மாமன். அக்காவுக்கு எல்லாம் தெரியும். தம்பிக்காக வாயைத் திறக்கவில்லை. அவருடைய மகள் எங்கள் கான்வெண்ட்டில் என் வகுப்பில்தான் படித்தாள். அவளை வீட்டிலேயே விட்டுவிட்டு வரத்தான் திட்டம். அவள் அழுது புரண்டு காரில் ஏறிவிட்டாள்.

வாசலில் தாய்மாமனைப் பார்த்ததும் அய்யாவுக்கு ஒரே சந்தோஷம். "அடடே, வாங்க வாங்க! மிளகா எப்படி இருந்துச்சு?"

தாய்மாமன் மேலே ஃபேனைப் பார்த்தபடி, "காரம் கொஞ்சம் சாஸ்திங்க" என்றார்.

நான் அடுக்களையில் காப்பித் தட்டோடு நின்றேன். கூடத்தில் மாப்பிள்ளையின் அம்மா பேத்தியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கணீரென்ற குரல். "எம் பேத்தி கான்வெண்ட்டு! இங்கிலீசு தண்ணியா ஓடும்!" பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். அப்புறம், "சரி, நடுவுல உள்ள பொண்ணக் கூப்பிடுங்க" என்றார்.

அம்மா அடுக்களைக்குள் ஓடி வந்தாள். "ஏத்தா, நடுவுல உள்ள பொண்ணு வேணுமாம்ல" என்று கண்ணை உருட்டினாள். நான் ஏதோ இரண்டு பேரைப் பரணில் ஒளித்துவைத்திருப்பது போல அண்ணாந்தும் பார்த்தாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தட்டில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. எப்படியோ கூடத்துக்குப் போனேன்.

"இந்தா, அத்தை வந்துட்டாக. இங்கிலீசுல ஏதாச்சும் சொல்லு தங்கம்" என்றார் அந்த அம்மா.

பேத்தி என்னைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. விறைப்பாக எழுந்து நின்றாள்.

"குட்... மாஆஆர்னிங்... மிஸ்ஸ்ஸ்!"

மணி சாயங்காலம் ஐந்தரை. மாப்பிள்ளை துள்ளியதில் கையிலிருந்த முறுக்கு உருண்டு பீரோவுக்கு அடியில் போயிற்று. என் வாயும் சும்மா இருக்கவில்லை. "குட் மார்னிங், சிட் டவுன்" என்று சொல்லிவிட்டேன். தட்டை வாங்க எழுந்த தாய்மாமன் சட்டென்று உட்கார்ந்தார்.

அந்த அம்மா உடனே கண்டுபிடித்துவிட்டார். டீச்சரை டீச்சர் என்றுதானே பிள்ளைகள் கூப்பிடும்? "மிஸ்ஸா?" என்றார். குரல் சரசரவென்று இறங்கியது. "அப்ப நீ கான்வெண்ட்டா? கவர்மெண்ட் யாரு?"

"நான் ஒருத்திதாங்க. எனக்கு அக்கா தங்கச்சி யாரும் இல்ல" என்றேன்.

அவர் மகன் பக்கம் திரும்பினார். "ஏலே, ஒனக்கு இது தெரியுமா?"

மகன் பதில் சொல்வதற்குள் பேத்தி முந்திக்கொண்டாள். "மாமாவுக்குத் தெரியும் அம்மாச்சி. மோட்டார் பாக்க மூணு தடவ வந்துச்சு. மோட்டார் நல்லாத்தான் ஓடுச்சு."

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். மாப்பிள்ளை காது வரை சிவந்துபோய், "நீங்க டீச்சரான்னு கேட்டீக, ஆமான்னேன். பொய் சொல்லலையேம்மா" என்றார். அந்த அம்மா சிரிக்கவில்லை. தட்டிலிருந்து எடுத்த காப்பி டம்ளரை அப்படியே கீழே வைத்தார். அதுவரை பெண் கேட்டு வந்த ஐந்து வீட்டாரிடமும் நான் பார்த்திராத அந்தக் காட்சியை இந்த வீட்டாரிடம்தான் பார்க்க வேண்டியிருந்தது. சம்பந்தம் கைவிட்டுப் போய்விட்டது என்று நினைத்தேன்.  அடுத்த நொடி கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் நாக்கு நிற்காது.

"அத்தை, ஒங்க பேத்தி கான்வெண்ட்ல படிக்கிறான்னு சொல்லும்போது தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சு. அங்க அவளுக்குச் சொல்லிக்குடுக்குறவன்னு வந்தா மட்டும் ஏன் ஒங்க சத்தம் கொறையுது? அந்த இங்கிலீசு தண்ணி நான் ஊத்துனதுதான்."

அம்மா என் கையைக் கிள்ளினாள். அய்யா மட்டும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.  அந்த அம்மா என்னைப் பார்த்தார், பேத்தியைப் பார்த்தார். பேத்தி அதற்குள் என் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டு, வகுப்பில் நிற்பது போலக் கை கட்டி நின்றாள்.

"பேத்திய நம்பி ஒங்கிட்டதான விட்டுருக்கேன்" என்றார் கடைசியில். "மகன விடுறதுக்கு என்ன? ஆனா ஊரு பூராவும் கவர்மெண்ட்டு கவர்மெண்ட்டுன்னு சொல்லிப்புட்டேனே. இப்பக் கேக்குறவகளுக்கு என்னன்னு சொல்ல?"

"பள்ளிக்கூடத்துல வேலன்னு சொல்லுங்க" என்றார் அய்யா. "அதுல என்ன பொய் இருக்கு?"

பூ வைத்துப் பேசி முடித்தார்கள். நான் அடுக்களைக்கு ஓடிப்போய் உறியில் இருந்த மோர்ப்பானையைக் கட்டிக்கொண்டு ஆடினேன். பாதி மோர் என் மேல்.

ஆனால் கல்யாணம் வரைக்கும் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. யார் கேட்டாலும் அந்த அம்மா, "பள்ளிக்கூடத்துல வேல பாக்குறா" என்று தொண்டைக்குள்ளேயே சொல்வார். கேட்டவர்கள் அதை அரசாங்கம் என்று எடுத்துக்கொள்வார்கள். அவரும் மறுக்கமாட்டார். பத்திரிகையில் என் பெயருக்குப் பக்கத்தில் படிப்பு மட்டும் இருந்தது. வேலை பார்க்கிற இடத்தைப் போட இடமில்லையாம். அய்யா சொன்னால் நிமிர்ந்து நிற்கிற அந்தச் சொல், அந்த அம்மா சொல்லும்போது முக்காடு போட்டுக்கொண்டது. என்னை மறைத்துக் கூட்டிப்போகிறார்கள் என்று எனக்கு அழுகை வந்தது. மாப்பிள்ளையிடம் சொன்னேன். "கொஞ்ச நாள்ல சரியாயிரும் மிஸ்" என்றார். நிச்சயம் ஆன பிறகும் மிஸ்தான்.

கல்யாணம் பரமக்குடியில் ஒரு மண்டபத்தில், காலை முகூர்த்தம். தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். அட்சதையோடு எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ஐயர் கெட்டிமேளத்துக்குக் கை காட்டுகிற நேரம், வெளியே எனக்கு மிகவும் பழக்கமான ஒரு ஹாரன் கேட்டது. எங்கள் பள்ளி வேன். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் சீருடை, டை, ஷூ, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை என்று மூன்றாம் வகுப்பு மொத்தமும் வரிசையாக மண்டபத்துக்குள் வந்தது. மேடையில் என்னைப் பார்த்தார்கள்.

"குட்... மாஆஆர்னிங்... மிஸ்ஸ்ஸ்!"

இந்தத் தடவை உண்மையாகவே காலை நேரம். தாலியோடு மாப்பிள்ளை துள்ளினார். முதல் முடிச்சு நழுவியது. நாதஸ்வரக்காரர் பயந்துபோய் வாசிப்பை நிறுத்திவிட்டார். "கட்டுடா, கட்டுடா" என்று அக்கா பின்னாலிருந்து தம்பி முதுகில் இடித்தார். அவர் மறுபடி முடிச்சுப் போட்டார்.

முன்வரிசையில், கமுதியிலிருந்து வந்திருந்த அவர்கள் சொந்தக்கார அம்மா ஒருவர், "யாரு மதினி இம்புட்டுப் பிள்ளைக?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. மேளம் நின்றிருந்ததால் மண்டபத்துக்கே விழுந்தது. எல்லோரும் மாமியாரைப் பார்த்தார்கள். இப்போது தொண்டைக்குள் பேசி முடித்துக்கொள்ள முடியாது.

அவர் பிள்ளைகளைப் பார்த்தார். முந்தானையை இழுத்துச் செருகினார்.

"எம் மருமக கிளாஸ் பிள்ளைக!" என்றார். பேத்தியைச் சொல்லும்போது வருகிற அதே குரல், அதைவிட ஒரு படி மேலே. "எம் மருமக கான்வெண்ட்டு மிஸ்ஸு! பாத்தீகளா, எம்புட்டு மரியாதையா நிக்கிதுகன்னு!"

மணப்பெண் தலை நிமிரக் கூடாது என்று அம்மா ஆயிரம் தடவை சொல்லியிருந்தாள். நிமிர்ந்துவிட்டேன். சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்து மை எல்லாம் கன்னத்தில் இறங்கியது. பிள்ளைகள் இன்னும் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார்கள். நான் பதில் சொல்லாமல் அவர்கள் அசைய மாட்டார்கள்.

"குட் மார்னிங், சிட் டவுன்" என்றேன்.

மண்டபத்தில் முதலில் உட்கார்ந்தவர் என் மாமியார்.